மெட்ராஸ் வேட்டை நாய்களின் ரத்தத்தில் இருந்தது என்ன?

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய் வளர்க்கிறவங்க, லீவு நாள்ல "முயலுக்குப் போறோம்"னு நாயோட கிளம்புறவங்க, எல்லாருக்குமான இழை இது. கொஞ்சம் நீளம். பொறுமையா படிச்சிருங்க.

முதல்ல ஒரு கேள்வி. உயிருள்ள விலங்கே இல்லாம வேட்டை நாயை ஓட்ட முடியுமா?

முடியும். இங்கிலாந்தின் வடமேற்கில் கும்ப்ரியா என்று ஒரு மலைப்பகுதி. அங்கே இதற்கென்றே ஒரு சங்கம் 1906ல் தொடங்கினார்கள். விளையாட்டின் பெயர் ஹவுண்ட் டிரெய்லிங்.

சோம்பு வாசனை எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து, அதில் கம்பளித் துணியை ஊறவைப்பார்கள். இரண்டு பேர் பாதையின் நடுவில் நின்று, ஆளுக்கொரு திசையில் அந்தத் துணியைத் தரையில் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். ஒருவர் தொடக்கப் புள்ளிக்கு, மற்றவர் முடிவுக் கோட்டுக்கு. மொத்தம் சுமார் 10 மைல். பிறகு நாய்களை அவிழ்த்து விடுவார்கள். மேடு, பள்ளம், கல் சுவர் எல்லாம் தாண்டி, வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் போல ஓடிவரும். கடைசியில் வளர்த்தவர் விசில் அடித்து, சாப்பாட்டுக் கிண்ணத்தோடு நிற்பார். அவ்வளவுதான். ஒரு உயிரும் போகாது.

"எங்க சிப்பிப்பாறையும் இதைச் செய்யுமா டாக்டர்?"னு கேட்பீங்க. அங்கதான் விஷயம் இருக்கு.

வேட்டை நாயில் இரண்டு வகை. மூக்கை நம்பி ஓடுவது ஒன்று, கண்ணை நம்பி ஓடுவது இன்னொன்று. மனித மூக்கில் வாசனை உணரும் ஏற்பிகள் ஏறக்குறைய 50 லட்சம். மோப்ப நாய்க்கு 20 கோடிக்கும் மேல். ஆனால் வெயிலில் காய்ந்த தரையில் வாசனை நிற்காது. சூடேறிய நாய் வாயைத் திறந்து இரைக்கும். இரைக்கும்போது ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது.

தாமிரபரணி வயக்காட்டைத் தாண்டி வடக்கே கயத்தாறு, கோவில்பட்டி என்று போய்ப் பாருங்க. கரிசல், வெட்டவெளி, வெயில். அந்த மண்ணில் நீண்ட கால், ஒட்டிய வயிறு, தூரப் பார்வை கொண்ட சிப்பிப்பாறையும் கன்னியும் உருவானதில் ஆச்சரியம் இல்லை. ராஜபாளையம், சாத்தூர் பகுதிகளும் 1910 வரை நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். அந்த வருஷம்தான் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போச்சு.

அந்த 1910ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

மூக்கு நாய்களை வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டு வந்தார்கள். ஃபாக்ஸ்ஹவுண்ட். நீலகிரியில் இங்கிலாந்து செந்நரி கிடையாது, அதனால் நம்ம ஊர் நரியைத் துரத்தினார்கள். குதிரை, சிவப்பு கோட்டு, ஊதுகொம்பு சகிதம் நடந்தது ஊட்டி ஹண்ட். சினிமா பாட்டுக்கு ஆடுவாங்களே, ஊட்டி கூடலூர் ரோட்டுல சிக்ஸ்த் மைல், நைன்த் மைல் புல்வெளி, அந்த வென்லாக் டவுன்ஸ்தான் களம். குளிர்ந்த, ஈரமான புல். வாசனை நிற்கும். இதே மாதிரி சமவெளியில் மெட்ராஸ் ஹண்ட்.

இனி மருத்துவம்.

கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் வால்டர் ஸ்காட் பேட்டன் என்ற ஐ.எம்.எஸ். டாக்டர் இருந்தார். மெட்ராஸ் ஹண்ட் நாய்களின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். சிவப்பணுவுக்குள்ளே சின்னச் சின்ன ஒட்டுண்ணிகள், மலேரியா கிருமி உட்கார்ந்திருக்கிற மாதிரி. அடுத்து நரியின் ரத்தத்தைப் பார்த்தார். அதிலும் அதே ஒட்டுண்ணி. 1910ல் வெளியிட்டார். இன்று அதன் பெயர் பபீசியா கிப்சோனி.

துரத்தின நாய்க்கும் ஓடின நரிக்கும் ஒரே கிருமி. நடுவில் இருந்தது உண்ணி. காட்டு விலங்கின் மேல் இருந்து புல்லுக்கு, புல்லில் இருந்து நாய்க்கு.

காய்ச்சல், ரத்தசோகை, மண்ணீரல் வீக்கம், சில நாய்களுக்கு மஞ்சள் காமாலை. மருந்து உண்டு. ஆனால் கிருமி முழுசா போகாமல் உடம்பிலேயே பதுங்கி, பிறகு திரும்ப வரலாம். நம்ம ஊரில் முதலில் பார்த்த இந்தக் கிருமி இன்று ஜப்பான், அமெரிக்கா வரை இருக்கிறது. சண்டைக்கு விடும் நாய்களிடம் கடி வழியாகவே பரவுவதையும் கண்டிருக்கிறார்கள்.

இது மனிதருக்கு வரும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. நமக்கு பயம் வேற இடத்துல இருக்கு. ரேபிஸ்.

நரிக்கும் ரேபிஸ் வரும். வேட்டையில் கடிபட்ட நாய் ராத்திரி உங்க வீட்டுத் திண்ணையில்தான் படுக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் தொடங்கி (1907) நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. தடுப்பூசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அப்படியிருந்தும் "நம்ம நாய்தானே சார், கீறல்தானே"னு நாலு நாள் கழிச்சு வர்றாங்க. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் எங்களால் காப்பாற்ற முடிவதில்லை.

கடியோ கீறலோ, சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்க. அன்னைக்கே வாங்க. ஊசி 0, 3, 7, 28ஆம் நாள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடணும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம்.

முயல் வேட்டை, நரி வேட்டை இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது தெரிஞ்சதுதான். ஆனால் "அப்போ இந்த நாய்க்கு வேற என்ன வேலை? இனமே அழிஞ்சிரும்"னு ஒரு வாதம் வரும். அது நியாயமான கவலைதான்.

அதற்கும் வழி இருக்கு. மூக்கு நாய்க்கு வாசனைத் துணி. கண் நாய்க்கு ஓடும் துணி. வயலில் கப்பி நட்டு, கயிற்றில் வெள்ளைத் துணி கட்டி, மோட்டாரால் வளைச்சு வளைச்சு இழுப்பாங்க. முயல் திரும்புற மாதிரியே அது திரும்பும். வெளிநாடுகளில் கிரேஹவுண்ட், சலூக்கி எல்லாம் இப்படித்தான் ஓடுது. பெயர் லூர் கோர்சிங்.

கரிசலில் அறுப்பு முடிஞ்ச நிலம் நிறைய இருக்கு. உரிய அனுமதியோட, கால்நடை மருத்துவரை வைத்து, வெயிலுக்கு முன்னாடி ஓட்டினால், நாயும் ஓடும், பார்க்க ஊரும் வரும், முயலும் பிழைக்கும்.

நாய்க்கு வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி. மாசத்துக்கு ஒருதடவை உண்ணி மருந்து. சோர்வு, வெளுத்த ஈறு தெரிஞ்சா ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து கால்நடை மருத்துவமனைக்கோ கூட்டிட்டுப் போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்க.

வேட்டை நாய் வச்சிருக்கிற உங்க நண்பர் ஒருத்தருக்காவது இதை அனுப்புங்க.