வாத்தியார் கண்ணுக்குத் தெரியாத வலிப்பு



நம் கல்லூரியில் படிப்பை முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பாடத்தின் நடுவே பத்து விநாடி கண் வெறித்து அப்படியே இருந்துவிடுவாள். "எங்கம்மா போயிட்ட?" என்று அதட்டுவேன். பெஞ்சு மேல் ஏற்றியும் நிறுத்தியிருக்கிறேன். மதுரையில் ஈ.ஈ.ஜி. எடுத்த பிறகுதான் அது வலிப்பு என்று தெரிந்தது. அந்த வெட்கமே இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது.

வலிப்பு என்றால் ராஜபாளையம் பக்கம் நமக்குத் தெரிந்தது, கைகால் இழுத்து வாயில் நுரை தள்ளுவதுதான். உடனே யாராவது ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். இரும்பால் ஒரு பயனும் இல்லை என்பது வேறு விஷயம். இந்த வலிப்பிலோ பிள்ளை கீழே விழுவதுகூட இல்லை. நினைவு மட்டும் சட்டென்று போய்த் திரும்பும்.

மூளையின் மின் அலைகளை மனிதரிடம் முதன்முதலில் 1924இல் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். அதை 1929இல்தான் வெளியிட்டார். 1935இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் இந்த வலிப்பின் அலையை விவரித்தார்கள். முள் போல ஒரு கூர்மை, அதையடுத்து உருண்ட ஓர் அலை. விநாடிக்கு சுமார் 3 தடவை, மூளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில். வேகமாக மூச்சு விடச் சொன்னாலே பெரும்பாலும் அது தலைகாட்டிவிடும்.

நம் நாட்டில் 1951இல் நரம்பியல் சங்கத்தை நிறுவிய நால்வர்: வேலூர் ஜேக்கப் சாண்டி, சென்னை பி. ராமமூர்த்தி, பல்தேவ் சிங், ஈ.ஈ.ஜி. நிபுணர் எஸ்.டி. நரசிம்மன். அறுவை நிபுணர்களுக்குச் சமமாக அலை படிப்பவரும் அதில் இடம்பெற்றார்!

மருத்துவம் வளர்ந்தது, ஊர்ப்பேச்சு வளரவில்லை. 1976 திருத்தத்தில் இந்து திருமணச் சட்டம் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாகவே எழுதிவைத்தது. அந்தச் சொல் நீங்க 1999 ஆயிற்று. இன்றும் பெண் பிள்ளை என்றால் வீட்டார் மறைக்கத்தான் பார்க்கிறார்கள்.

மறைக்க வேண்டியதே இல்லை. 1950களின் இறுதியில் வந்த எத்தோசக்சிமைடு இன்றும் இதற்கு முதல் வரிசை மருந்து. பலருக்கு வளர வளர வலிப்பே நின்றுவிடுகிறது. எல்லா வலிப்பு மாத்திரையும் இதற்கு ஒத்துவராது. சில மாத்திரைகள் அதிகமாக்கியும் விடும். ஆகவே வகை தெரிவது அவசியம்.

மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் அந்தச் சிறுமி கரும்பலகையைத் தொடர்ந்து பார்த்தாள். நான்தான் அவளை நிமிர்ந்து பார்க்கக் கூசினேன்.

ஆசிரியராகப் போகும் தம்பி தங்கைகளே, வெறித்துப் பார்க்கும் பிள்ளையின் காதைத் திருகுமுன் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைத் தொடுங்கள். அப்படியும் திரும்பவில்லை, அடிக்கடி நடக்கிறது என்றால், பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லி டாக்டரிடம் அனுப்புங்கள்.