சொன்னவர் யார், கேட்டவர் யார்?

நபிகள் நாயகம் அவர்கள் மதீனா நகரில் மறைந்தது கி.பி. 632-ஆம் ஆண்டில். அவர்களுடைய வாழ்க்கையை விரித்துரைக்கும் நூல்களுள் தலையாயது இப்னு இஸ்ஹாக் தொகுத்தது. அவர் காலமானது ஏறத்தாழ 767-இல். அந்நூலும், பின்வந்த இப்னு ஹிஷாம் சில பகுதிகளை நீக்கிச் செப்பனிட்ட வடிவிலேயே பெரிதும் நமக்குக் கிடைக்கிறது. நபிமொழிகளாகிய ஹதீஸ்களைத் திரட்டிய இமாம் புகாரி மறைந்ததோ 870-இல். இத்தனை தலைமுறைகளைக் கடந்து வந்த செய்திகளைச் சரித்திர மாணவன் எவ்வளவு தூரம் நம்பலாம்?

இவ்வினாவை முதலில் எழுப்பியவர்கள் ஐரோப்பியர் என்று கருதுவோர் உண்டு. அது சரியன்று. கட்சிப் பூசலாலும் உபதேச ஆர்வத்தாலும் பொய்யான ஹதீஸ்கள் புனையப்பட்டன என்பதை இஸ்லாமிய அறிஞர்களே நன்கு உணர்ந்திருந்தனர். ஆகவே, இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொரு செய்திக்கும் கோரினர். இதற்கு இஸ்நாத் என்று பெயர். வரிசையில் உள்ள ஒவ்வொருவரும் வாழ்ந்த ஊர், காலம், நினைவாற்றல், நேர்மை ஆகியவற்றை ஆராயத் தனிக்கலையே வளர்ந்தது. இருவர் சந்தித்திருக்க இயலாதெனில் வரிசை அறுந்தது எனக் கொண்டனர். இவ்வாறு ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என ஹதீஸ்களைத் தரம் பிரித்தனர்.

இம்முறை போதுமா என்று பின்னாளில் கேட்டவர்களுள் இருவர் முக்கியமானவர்கள். ஹங்கேரிய அறிஞர் கோல்ட்ஸீஹர், பல ஹதீஸ்கள் பிற்காலச் சச்சரவுகளையே பிரதிபலிக்கின்றன என்று 1890-இல் வாதித்தார். ஜோஸப் ஷாக்ட் 1950-இல் மேலும் ஒருபடி சென்றார். அறிவிப்பாளர் வரிசைகளே காலப்போக்கில் பின்னோக்கி நீட்டப்பட்டவை என்றார். அது முற்றும் உண்மையாயின், வரிசை சாட்சியாகாது. வெறும் அலங்காரமே ஆகும்.

இந்நிலையில் நம் நாட்டில் பிறந்த அறிஞர் ஒருவரின் பணி கவனிக்கத்தக்கது. ஹைதராபாத்தைச் சேர்ந்த முஹம்மத் ஹமீதுல்லாஹ், டமாஸ்கஸிலும் பெர்லினிலும் இருந்த ஏட்டுப் பிரதிகளைக் கொண்டு, 138 ஹதீஸ்கள் அடங்கிய சிறு தொகுப்பொன்றை 1953-இல் வெளியிட்டார். நபித்தோழர் அபூஹுரைராவிடம் கேட்டு அவருடைய மாணவர் ஹம்மாம் எழுதிவைத்தது அது என்பது மரபு. 855-இல் மறைந்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பலின் பெருந்தொகுப்பிலும் அது காணப்படுகிறது. இரண்டையும் ஒப்பிட்டபோது வாசகங்கள் பெரிதும் ஒத்திருந்தன.

இதனால் ஐயம் முழுவதும் அகன்றதா? நிதானமாக எண்ணிப் பார்க்கவேண்டும். ஹம்மாமிடமிருந்து மஃமர், அவரிடமிருந்து 827-இல் மறைந்த யமன் நாட்டு அப்துர் ரஸ்ஸாக் என்று இரண்டு பாடங்களும் ஒரே வழியில் வருகின்றன. அப்துர் ரஸ்ஸாக்கின் மாணவர்களிடமிருந்துதான் வழிகள் பிரிகின்றன. ஆகவே அவர் காலம் முதல் செய்தி சிதையாமல் வந்தது என்பதற்கு இந்த ஒற்றுமை வலுவான சான்று. அதற்கு முந்தைய இரு தலைமுறைகளுக்கு அது மட்டும் போதாது. வேறு மாணவர் வழியாக வந்த பாடங்களோடு ஒப்பிடல் வேண்டும்.

நூல்களுக்குப் புறம்பான சான்றுகளும் உள்ளன. எகிப்தில் கிடைத்து இன்று வியன்னாவில் உள்ள பாப்பிரஸ் தாள் ஒன்று, 65 ஆடுகள் பெற்றதற்கான ரசீது. கிரேக்கத்திலும் அரபியிலும் எழுதப்பட்ட அதில் ஆண்டு 22 என்று குறித்திருக்கிறது, அது கி.பி. 643. வடமேற்கு அரேபியாவில் ஸுஹைர் என்பவர் பாறையில் பொறித்த எழுத்து, உமர் இறந்த சமயத்தையும் 24-ஆம் ஆண்டையும் கூறுகிறது. கலீபா உமர் ஹிஜ்ரி 23-இன் இறுதியில் அல்லது 24-இன் தொடக்கத்தில் மறைந்தார் என்று பிற்காலச் சரித்திர நூல்கள் கூறுவதோடு இது பொருந்துகிறது. பாறையைக் காணாமலே அவ்வாசிரியர்கள் காலத்தைச் சரியாகக் காத்துத் தந்திருக்கிறார்கள். ஆனால் உமர் என்ன பேசினார் என்பதை அப்பாறை சொல்லாது.

எனவே, எல்லாம் மெய் என்றோ, எல்லாம் புனைவு என்றோ ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பது சரித்திர நெறியன்று. ஆட்சி, போர், மரணம் போன்ற பெருநிகழ்ச்சிகளுக்குக் கல்லும் தாளும் துணைநிற்கின்றன. தனிமனிதர் வாய்மொழிகளுக்கு அத்துணை இல்லை. அங்கே ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே சோதிக்கப்படவேண்டும். சொன்னவர் யார், அவரிடம் கேட்டவர் யார், வேறு வழியாக வந்த பாடம் உண்டா என்பவையே கேட்கவேண்டிய கேள்விகள். இவற்றுள் முதல் இரண்டையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்கத் தொடங்கிய பெருமை அம்மரபின் அறிஞர்களுக்கே உரியது.