ஐரோப்பாப் பாலம்

1963 நவம்பர் என்றதும் நம் வயதுக்காரர்களுக்குக் கென்னடி சுடப்பட்ட செய்திதான் ஞாபகம் வரும். அதற்கு ஐந்து நாள் முன்பு, 17ஆம் தேதி, ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ஒரு நெடுஞ்சாலைப் பாலம் திறக்கப்பட்டது. ‘யூரோப்பாப்ரூக்கே’ என்று பெயர். ஐரோப்பாப் பாலம் என்று அர்த்தம். இன்ஸ்ப்ரூக் நகரத்துக்குத் தெற்கே, ஸில் ஆற்றின் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே நிற்கிறது. ஆற்று மட்டத்திலிருந்து சாலை 190 மீட்டர், அதாவது 620 அடிக்கும் மேலே. அறுபது மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் லாரி ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு என்னவோ சின்ன ஆறுதான். தாண்ட வேண்டியிருந்தது பள்ளத்தாக்கை. ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் முக்கியக் கணவாய்களில் பிரென்னர்தான் தாழ்வானது, 1,370 மீட்டர். ரோமானியர் காலத்திலிருந்தே அது வழி. கவிஞர் கதே 1786இல் இத்தாலிக்குப் போனது இப்படித்தான். 1867இல் ரயிலும் வந்துவிட்டது. ஆனால் பழைய சாலை மலையின் போக்குக்கு வளைந்து வளைந்து, ஊர்களின் நடுவே புகுந்து போகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார் வாங்கிய ஜெர்மானியர்கள் கோடை விடுமுறைக்கு இத்தாலியக் கடற்கரையை நோக்கிக் கிளம்பியதும் அந்தச் சாலை தாங்கவில்லை. அதிவேகச் சாலை என்றால் திடீர் ஏற்றமும் கூடாது, கொண்டை ஊசி வளைவும் கூடாது. பள்ளத்தில் இறங்கி ஏறாமல் நேராக மேலேயே போய்விடுவது என்று தீர்மானித்து, 1959இல் வேலையை ஆரம்பித்தார்கள்.

இதில் வளைவும் கிடையாது, தொங்கும் கம்பிவடமும் கிடையாது. வீட்டில் சுவருக்குச் சுவர் உத்தரம் போடுகிறோமே, அதே தத்துவம்தான். உத்தரம் இங்கே எஃகால் ஆனது. உள்ளே கூடான நீளப் பெட்டி. பெட்டி வடிவத்தில் கனமும் குறைவு, காற்று அடித்தாலும் ஒரு பக்கம் மட்டும் லாரிகள் நின்றாலும் முறுக்கிக்கொள்ளாது. தாங்குபவை கான்கிரீட் தூண்கள். மிக உயரமானது சுமார் 146 மீட்டர். நடுவில் உள்ள பெரிய கண் 198 மீட்டர். எஃகுப் பகுதி மட்டும் 657 மீட்டர் நீளம். கடுங்குளிருக்கும் கோடை வெயிலுக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு நீள எஃகு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீண்டு சுருங்கும். அசையாத பொருள் மாதிரி தெரிந்தாலும் வருஷம் பூராவும் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு இடம் விட்டுக் கட்டுவதில்தான் பாதி சாமர்த்தியம்.

கட்டும்போது 22 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். பாலத்தருகே, வண்டிகள் நின்று இளைப்பாறும் இடத்தில், அவர்கள் நினைவாக ஒரு சிறு தேவாலயம் இருக்கிறது. கார்ல் பிளாட்னர் என்ற ஓவியர் அதன் சுவர்களில் சித்திரம் தீட்டியிருக்கிறார். மேலே போகும் வண்டிகளில் எத்தனை பேர் இறங்கிப் பார்ப்பார்கள்?

பெயருக்கு வருகிறேன். முதல் உலகப் போருக்குப் பின் டிரோல் இரண்டாக வெட்டப்பட்டு, தென்பாதி இத்தாலிக்குப் போயிற்று. ஒரே பாஷை பேசும் உறவுக்காரர்களின் நடுவே, அதே பிரென்னர் கணவாயில், எல்லைக் கம்பம் வந்தது. அந்தப் புண் ஆறவில்லை. பாலம் எழுந்துகொண்டிருந்த 1961 ஜூனில் ஒரே இரவில் தென்டிரோலில் பல மின்கோபுரங்களைக் குண்டு வைத்துச் சாய்த்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் எல்லையை நோக்கிப் போகும் சாலைக்கு ஐரோப்பா என்று பெயர் வைக்கத் துணிச்சல் வேண்டும். நான் அந்தத் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

எண்ணியது நடந்தது. 1995இல் ஆஸ்திரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது; 1998 ஏப்ரலில் பிரென்னரில் எல்லைச் சோதனை நின்றது. ஆனால் அதே ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, பள்ளத்தாக்குக்காரர்கள் சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். தேவாலயம் இருக்கும் அதே இடத்திலிருந்து ஷோன்பெர்க் சுங்கச்சாவடி வரை. ஏறக்குறைய 30 மணி நேரம் ஒரு வண்டி ஓடவில்லை. லாரிகளின் புகையும் இரைச்சலும் எங்களுக்கு, லாபம் வேறு யாருக்கோ என்பது அவர்கள் கட்சி. குறுகிய பள்ளத்தாக்கில் புகைக்கு வெளியேற வழி ஏது?

ஜெர்மானிய லாரிக் கம்பெனி ஒன்று நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. சரக்குகள் தடையின்றிப் போகும் உரிமை ஒன்றியத்தின் அடிப்படை அல்லவா, மறியலை ஆஸ்திரிய அரசு எப்படி அனுமதித்தது என்று கேட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போயிற்று. 2003 ஜூனில் தீர்ப்பு வந்தது. மக்கள் கூடிக் கருத்துச் சொல்லும் உரிமையும் அடிப்படை உரிமைதான். அதை மதித்துத் தடை செய்யாமல் விட்டதில் ஆஸ்திரியாவின் மேல் குற்றமில்லை என்றார்கள். சட்டம் படிப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு.

லாரிகள் குறைந்துவிடவில்லை. இப்போது ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் பிரென்னரைக் கடக்கின்றன. மலைக்கு அடியில் 55 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். 2032இல் திறப்பதாகத் திட்டம். லாரிச் சரக்கில் ஒரு பகுதியாவது ரயிலுக்கு மாறும் என்று கீழே குடியிருப்பவர்கள் காத்திருக்கிறார்கள்.