கியர் வந்த கதையும் ஒரு கையெழுத்தும்



பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் கிள்ளான் தோட்டத்து லயங்களிலும் ஒரு காலத்தில் வேலைக்குப் போக சைக்கிள்தான் துணை. அதற்கு ஒரே கியர். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்!

ஏன் தெரியுமா? முன்பல் சக்கரத்தில் 48 பல், பின்னால் 16 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் 3 சுற்று ஓடும். சமதரைக்கு அது சுகம்; மேட்டுக்கு அதுவே பாரம்.

இந்தப் பாரத்தைக் குறைக்க, 1902-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் மூன்று வேகக் கியர் பிறந்தது. ராலே கம்பெனியின் பிராங்க் பவுடன் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பற்கள் எல்லாம் பின்சக்கரக் குடத்துக்குள் மறைந்திருக்கும். ஹேண்டிலில் உள்ள விசையைத் தட்டினால் போதும், மிதிப்பு இலேசாகும்.

பிறகு விசையும் தேவைப்படாத தானியங்கிக் கியர் வந்தது. வேகம் கூடும்போது குடத்துக்குள் இருக்கும் சிறு எடைகள் வெளிப்பக்கம் விலகி, அடுத்த கியரைப் பூட்டிவிடும். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தின் வேகத்தை அடக்க வைத்த சுழல் குண்டுகளும் இதே தத்துவந்தான். இன்றோ மின்கருவி மிதிப்பை அளந்து, தானே கியரை மாற்றுகிறது.

அந்த மூன்று வேகக் கியரின் பெயர் ஸ்டர்மி-ஆர்ச்சர். ஆனால் அதை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டவர் வில்லியம் ரெய்லி என்பவர். அவர் பெயர் ஏன் இல்லை? தம்முடைய பழைய இரண்டு வேகக் கியருக்காக வேறொரு கம்பெனியிடம் கையெழுத்துப் போட்டிருந்தார். இனிமேல் அவர் கண்டுபிடிப்பதும் அந்தக் கம்பெனிக்கே சொந்தம் என்றது அந்தத் தாள்! அதனால் புதிய கியரை, கூட வேலை செய்த ஜேம்ஸ் ஆர்ச்சர் பெயரில் பதிந்தார்கள். 2000-இல் தைவான் நிறுவனம் ஒன்று அதை வாங்கிய பிறகும் அதே பெயர்தான் நிலைத்திருக்கிறது.

படித்த பொறியாளருக்கே இந்தக் கதி! 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழியும்வரை, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத தாளில் கைநாட்டு வைத்துக் கப்பலேறிய நம் முன்னோரை எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பரிசு வாங்கும் செல்வங்களே, எந்தத் தாளையும் முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கியரை இயந்திரம் மாற்றும்; படிப்பதை நாம்தான் படிக்க வேணும்.