டிரம்முக்குள் எரிந்த பல்பு

காமர்ஸ் படிப்பவர்களுக்கு முதலாண்டிலேயே அறிமுகமாகிவிடும் ஒரு சொல் தேய்மானம். இயந்திரமோ மேசையோ, வாங்கிய நாளிலிருந்து அதன் மதிப்பு வருடாவருடம் குறைந்துகொண்டே போகும். அந்தக் கணக்குப்படி 1920-களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு பேஸ் டிரம்மின் இன்றைய மதிப்பு பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நல்ல நிலையில் உள்ள பழைய டிரம்முக்கு நல்ல விலை கொடுக்க ஆள் இருக்கிறது. அதே டிரம்மில் யாரோ ஒருவர் பிற்காலத்தில் போட்ட ஒரே ஒரு ஓட்டை அந்த விலையைச் சட்டென்று இறக்கிவிடுகிறது!

அந்த ஓட்டையைப் போட்டது யார்? எதற்காக? இன்று அதை அடைக்கலாமா, கூடாதா? பழைய டிரம்களைப் புதுப்பிப்பவர்கள் நடுவே ஓயாமல் நடக்கும் விவாதம் இதுதான். அது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

போர்க்களத்திலிருந்து நாடக அரங்குக்கு

டிரம்ஸ் செட்டின் நடுவே, சக்கரம் போல நிமிர்ந்து நின்று காலால் மிதித்து வாசிக்கப்படுகிறதே, அதுதான் பேஸ் டிரம். இது ஐரோப்பாவுக்குத் துருக்கியர் மூலமாக வந்தது. ஓட்டோமான் படைகளோடு போன மேஹ்தர் வாத்தியக் குழுவின் 'தவுல்' என்ற பெரிய இருமுகக் கொட்டு ஐரோப்பிய ராணுவங்களை மிகவும் கவர்ந்தது. (பெயரைப் பார்த்ததும் நம்மூர்த் தவில் நினைவுக்கு வருவது இயல்புதான்!) 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ராணுவ பேண்டுகள் அதை எடுத்துக்கொண்டன. மொசார்ட் 1782-இல் துருக்கியப் பின்னணி கொண்ட தன் ஆபராவிலும், ஹேடன் 1794-இல் தன் 100-ஆவது சிம்பொனியிலும் அதற்கு இடம் கொடுத்தார்கள்.

அப்போதெல்லாம் பேஸ் டிரம்முக்குத் தனி ஆள், ஸ்நேர் டிரம்முக்குத் தனி ஆள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாடக அரங்குகளிலும் நடன அரங்குகளிலும் ஒரே ஆள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குச்சியால் மாற்றி மாற்றி அடிக்கத் தொடங்கினார். இடமும் மிச்சம், ஒரு சம்பளமும் மிச்சம். அடுத்தபடியாகப் பேஸ் டிரம்மைக் காலுக்குக் கொடுத்துவிட்டால் இரண்டு கைகளும் விடுபடும் அல்லவா? பலர் பலவிதமான பெடல்களைச் செய்து பார்த்தார்கள். ஆனால் ராக்டைம் இசையின் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை.

சிகாகோவில் வில்லியம் லுட்விக் என்ற டிரம்மர் உருவாக்கிய வேகமான பெடல்தான் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 1909-இல் அவரும் தம்பி தியோபால்டும் சேர்ந்து தொடங்கிய தொழில்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற லுட்விக் டிரம் நிறுவனம். ராணுவ அணிவகுப்புக்காக உருவான ஒரு வாத்தியம், ஒருவர் உட்கார்ந்தபடி காலால் வாசிக்கும் வாத்தியமாக மாறியது. பேஸ் டிரம்முக்குச் செய்யப்பட்ட முதல் பெரிய 'கஸ்டமைஸ்' வேலை இதுதான் என்று சொல்லலாம்.

பல்பு வந்த கதை

1920-களின் பேஸ் டிரம்கள் மிகப் பெரியவை. 28 அங்குல விட்டம் சர்வசாதாரணம். இரு முகங்களிலும் கன்றுத் தோல். தோலின் பிரச்சனை நமக்குப் புதிதல்ல. காற்றில் ஈரம் ஏறினால் தொய்ந்துவிடும், சத்தம் செத்துவிடும். பறை அடிப்பவர்கள் வாசிக்கும் முன் தீயில் காய்ச்சுவது அதற்காகத்தான். நடன அரங்கின் நடுவே தீ மூட்ட முடியாதே! அமெரிக்க டிரம்மர்கள் டிரம்முக்குள் மின்சார பல்பைப் பொருத்தினார்கள். பல்பின் சூட்டில் தோல் காய்ந்து விறைப்பாக நின்றது.

உள்ளே விளக்கு எரிந்ததும் தோல் பளிச்சென்று ஒளிவிட்டது. பிறகு சும்மா இருப்பார்களா? முன்பக்கத் தோலில் நிலா வெளிச்சத்தில் ஏரி, அருவி, காற்றாலை என்று ஓவியங்கள் வரையத் தொடங்கினார்கள். ஈரத்தைப் போக்க வந்த பல்பு மேடை அலங்காரமாகிவிட்டது. லுட்விக், லீடி போன்ற நிறுவனங்களே ஓவியம் தீட்டிய தோல்களையும் விளக்குகளையும் விலைப்பட்டியலில் போட்டு விற்றன. பல்புக்கும் வயருக்கும் மரத்தில் துளை போட வேண்டியிருந்தது. அந்தத் துளைகளை அன்று யாரும் சேதமாக நினைக்கவில்லை. இன்று அப்படிப்பட்ட டிரம் கிடைத்தால், அந்தப் பல்பு ஹோல்டரைக் கழற்றிவிடாதீர்கள் என்று சேகரிப்பாளர்கள் கெஞ்சுவார்கள்.

1950-களில் பல்புக்கு வேலை போனது. மைலார் என்னும் பாலியஸ்டர் படலத்தைத் தோலுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் முறை 1956, 1957 ஆண்டுகளில் சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி ஆகியோரின் முயற்சியால் சந்தைக்கு வந்தது. ஈரமும் வெயிலும் மைலாரை ஒன்றும் செய்வதில்லை. பழைய கன்றுத் தோல்கள் கழற்றி எறியப்பட்டன. ஓவியங்களும் கூடவே போயின.

சில பவுண்டு வேலை, பல லட்சம் டாலர் விலை

1963-இல் லண்டனில் 'டிரம் சிட்டி' என்ற கடையில் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் ஒரு லுட்விக் செட்டைத் தேர்ந்தெடுத்தார். 20 அங்குல பேஸ் டிரம், கறுப்பு முத்துச்சிப்பி நிறம். கடைக்காரர் ஐவர் ஆர்பிட்டருக்கு லுட்விக் பெயர் தெரிய வேண்டும். பீட்டில்ஸ் மேலாளர் பிரையன் எப்ஸ்டீனுக்குக் குழுவின் பெயர் தெரிய வேண்டும். இரண்டு பெயரும் ஒரே முகத்தில் ஏறின. நடுவில் 'டி' எழுத்தின் கால் மட்டும் கீழே நீண்டு இறங்கும் பீட்டில்ஸ் முத்திரையின் மாதிரியை ஆர்பிட்டர் கிறுக்கிக் காட்ட, எடி ஸ்டோக்ஸ் என்ற பெயர்ப்பலகை ஓவியர் அதை வரைந்தார். இதற்கான கூலி 5 பவுண்டு என்று சொல்லப்படுகிறது.

1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதே முத்திரை வரைந்த இன்னொரு முகத்தை அமெரிக்காவில் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். லுட்விக் தொழிற்சாலைக்கு ஆர்டர்கள் குவிந்தன. 2015 இறுதியில் அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் அந்த முகம் தனியாகவே 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. ரிங்கோவின் அந்த முதல் லுட்விக் செட்டும் அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ அதே விலைக்குப் போனது. அதாவது, ஒரு முழு செட்டும், கடையில் வரைந்து ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் வட்டமும் ஏறக்குறைய ஒரே விலை!

ஓட்டைகளின் காலம்

அடுத்த மாற்றம் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து வந்தது. 1966-இல் பீட்டில்ஸ் ஒலிப்பதிவின்போது பொறியாளர் ஜெஃப் எமெரிக், நான்கு கழுத்து வைத்துப் பின்னிய ஒரு கம்பளி ஸ்வெட்டரை ரிங்கோவின் பேஸ் டிரம்முக்குள் திணித்தார். இழுத்து முழங்கும் சத்தம் போய், 'தப்' என்று நெஞ்சில் குத்தும் சத்தம் வந்தது. 1970-களில் இதுவே பொது வழக்கம். தலையணை, போர்வை எல்லாம் உள்ளே போயின. மைக் வைப்பதற்காக முன்பக்க முகத்தை வெட்டினார்கள், அல்லது கழற்றியே விட்டார்கள். பேஸ் டிரம்மின் தலையில் டாம்டாம்களைப் பொருத்துவதற்காக மரத்தில் பெரிய துளைகளும் போட்டார்கள்.

இன்று எல்லோரும் திட்டுகிற ஓட்டை இதுதான். ஆனால் அதைப் போட்டவர் முட்டாள் இல்லை. அவருக்கு அது பழம்பொருளும் இல்லை, பிழைப்புக்கான கருவி. பல்பு போட்ட தாத்தா செய்ததைத்தான் டாம்டாம் பொருத்திய பேரனும் செய்தார். ஒன்றை வரலாறு என்கிறோம், இன்னொன்றைச் சேதம் என்கிறோம்.

புதுப்பிப்பது எப்படி?

விஷயம் தெரிந்தவர்கள் ஸ்குரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே கேமராவை எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு பாகமும் எந்தத் துளையில் இருந்தது என்று குறித்துக்கொண்டுதான் கழற்றுவார்கள். மரக்கூட்டின் உட்புறத்தை அவசரப்பட்டுத் தேய்க்க மாட்டார்கள். 1960-களின் லுட்விக் டிரம்கள் பலவற்றில் சிவப்பு மையில் தேதி முத்திரை இருப்பது அங்கேதான்.

அடுத்து கூடு வட்டமாக இருக்கிறதா என்று பல கோணங்களில் விட்டத்தை அளப்பார்கள். ஒட்டுப்பலகை அடுக்குகள் பிரிந்திருந்தால் பசை விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். தோல் அமரும் விளிம்பில்தான் அதிக கவனம் வேண்டும். கன்றுத் தோலுக்காகச் செய்த பழைய விளிம்புகள் உருண்டையாக இருக்கும். நவீன மைலாருக்கு ஏற்றபடி அதைக் கூராகச் சீவிவிட்டால் ஒலியே மாறிவிடும். சீவிய மரம் திரும்பி வராது.

உலோகப் பாகங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. பழைய நிக்கல் பூச்சு மெல்லியது. பளபளப்பு ஆசையில் அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள பித்தளை எட்டிப் பார்க்கும். முத்துப் போல மின்னும் மேலுறை செல்லுலாய்டு. வயதானால் சுருங்கி இணைப்பில் வெடிக்கும், வெள்ளை மஞ்சளாகும். எளிதில் தீப்பற்றக்கூடிய பொருள் என்பதால், சூடு காட்டி உரிப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பிரிட்டனின் பிரீமியர் நிறுவனம் 1960-களின் பிற்பகுதி வரை செய்த டிரம்கள் பலவற்றின் அளவே தனி. இன்றைய முகங்கள் அவற்றில் பொருந்தாது. அதற்காகக் கூட்டையே செதுக்கிச் சிறிதாக்குபவர்களும் உண்டு.

எந்த வருடத்துக்குத் திரும்புவது?

1925-இல் செய்து, 1928-இல் பல்பு பொருத்தி, 1968-இல் டாம்டாமுக்கு ஓட்டை போட்ட ஒரு டிரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதுப்பிப்பவர் எந்த வருடத்துக்கு அதைத் திருப்புவது? 1925-க்கு என்றால் பல்பும் போக வேண்டும். 1928-க்கு என்றால், 40 வருடங்கள் பிழைப்பு நடத்தித் தந்த பிந்தைய வாழ்க்கை அழிந்துபோகும்.

இதே கேள்வி பழைய கோயில்களிலும் தேவாலயங்களிலும் எழுவதுண்டு. பழங்காலக் கட்டடங்களின் பாதுகாப்புக்காக 1964-இல் உருவான வெனிஸ் சாசனம் இதற்கு ஒரு வழி சொல்கிறது. ஒரு கட்டடத்தில் ஒவ்வொரு காலமும் சேர்த்த தகுதியான பங்கை மதிக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே பாணிக்குக் கொண்டுவருவது நோக்கமல்ல, ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்பது அதன் சாரம். அது டிரம்களை நினைத்து எழுதப்பட்டதல்ல. ஆனாலும் நன்றாகப் பொருந்துகிறது.

இதன்படி பார்த்தால் பல்பு ஹோல்டர் இருக்கட்டும். 1968 ஓட்டை கூட்டைப் பலவீனமாக்கினால் அதே வகை மரத்தால் அடைக்கலாம், ஆனால் அடைத்தது உட்புறத்தில் தெரிய வேண்டும். பலவீனமாக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். கஸ்டமைஸ் செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம்! புதிய மர வளையம், விரும்பிய ஓவியம் தீட்டிய புதிய முகம், துளை போடாமல் வளையத்தில் கவ்விப் பிடிக்கும் தாங்கி, உள்ளே சூடேறாத எல்.இ.டி. விளக்கு என எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். நாளை வேறொருவர் கழற்றி எடுக்கும்படி இருந்தால் போதும். பழைய 28 அங்குல டிரம்களை அறுத்துச் சிறிதாக்குவதும், கண்ணாடி வைத்து டீப்பாயாக மாற்றுவதும்தான் திரும்ப முடியாத பாதை.

கணக்குப் புத்தகத்தில் திருத்தம் செய்யும்போது பழைய பதிவை அழிப்பானால் அழிப்பதில்லை. அது படிக்கும்படி இருக்க, பக்கத்தில் புதிய பதிவு போடுவோம். பழைய டிரம்மைத் தொடுபவர்களுக்கும் அந்த விதியே போதுமானது. அடுத்த முறை எங்காவது ஒரு பழைய பேஸ் டிரம்மைப் பார்த்தால், முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடாமல் பக்கவாட்டில் என்னென்ன துளைகள் இருக்கின்றன என்றும் பாருங்கள். அதை வாசித்தவர்களின் கதை பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கும்.