மூலைமட்டமும் அபுல் வஃபாவும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் வழியில் நம் கண்ணில் படுவன பனையும், கருவேலும், வேம்பும், இடையிடையே புளியுமே. ஆண்டின் பெரும்பகுதி குண்டாறு மணலாய்க் கிடக்கும் இக்கரிசற் சீமையில் தேக்கு விளைவதில்லை. பனைக்கு வைரம் பாய்வது வெளிப்புறத்தில்தான். உள்ளே இருப்பது சோறு. ஆகவே பனையிலிருந்து கைமரமும் சட்டமும் கிடைக்குமேயன்றி அகலமான பலகை கிடைப்பது அரிது. கருவேலோ முறுக்கி வளரும் மரம். நன்கு முற்றிய வேம்பில் அறுத்த ஒரு பலகை இங்கே ஒரு வீட்டுக்குச் சொத்து. அதைக் கோணலாக அறுத்துவிட்டால் மீட்க வழியில்லை. மரம் மலிந்த நாட்டில் கணக்குத் தெரியாத தச்சனும் பிழைத்துக்கொள்வான், இந்நாட்டில் முடியாது.

வீட்டுக்கு ஒரு பெட்டி செய்வதாகக் கொள்வோம். நீளம் 24 அங்குலம், அகலம் 18 அங்குலம். நான்கு சட்டங்களையும் அளவு பிசகாமல் அறுத்து இணைத்தாலும் பெட்டி சாய்ந்த இணைகரமாய் நிற்கக்கூடும். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தால் இரு பக்கமும் 30 அங்குலம் வரவேண்டும். ஒன்று கூடி மற்றொன்று குறைந்தால் கூடிய பக்கத்தை அழுத்தித் திருத்த வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து என்ற கணக்கின் ஆறு மடங்கே இது. கொத்தனார் அடிவாரம் கோலுவதும் இக்கணக்கால்தான். வேள்விமேடை அமைக்கும் விதி கூறும் வடமொழிச் சுல்ப சூத்திரங்களிலும் இச்செங்கோண உறவு காணப்படுகிறது. அருப்புக்கோட்டையின் கைத்தறிகளுக்கும் இது பொருந்தும். தறியின் சட்டம் மூலைமட்டம் தவறினால் துணியும் கோணும்.

கைத்தொழிலாளருக்கு வேண்டிய இத்தகைய வடிவக் கணக்குகளையே பொருளாகக் கொண்டு ஒரு பெரும் கணித மேதை தனி நூல் எழுதினார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி. ஹிஜ்ரி 328இல், அதாவது கி.பி. 940இல், குராசான் நாட்டுப் பூஸ்ஜான் என்னும் ஊரில் பிறந்து, 959இல் பக்தாது சேர்ந்து, புவைஹி மன்னர்களின் ஆதரவில் வானியலும் கணிதமும் ஆய்ந்தவர். எழுத்தர்களுக்கும் வணிகர்களுக்கும் ஓர் எண்கணித நூல் எழுதியதும் இவரே. விண்ணை அளந்தவர் தச்சுப் பட்டறைக்கு இறங்கி வந்ததைத்தான் நாம் பெரிதெனக் கருதுகிறோம்.

அளவுகோல், கவராயம், மூலைமட்டம் ஆகிய கருவிகளைப் பற்றிய பேச்சோடு அந்நூல் தொடங்குகிறது. பின்வரும் வரைமுறைகள் பலவற்றில் கவராயத்தை ஒரே விரிவில் வைத்துக்கொண்டே வேலையை முடிக்கிறார். ஒன்றை மட்டும் காண்போம். ஒரு கோட்டின் முனையில், கோட்டை அப்பால் நீட்டாமலே செங்குத்து எழுப்புவது எப்படி? ஏட்டில் எழுதுவோருக்கு இக்கேள்வி எழாது. பலகையின் மூலைக்கு அப்பால் வெட்டவெளி. அங்கே தச்சன் கோடிழுக்க முடியுமா? அபுல் வஃபாவின் வழி இது: மூலையிலிருந்து விளிம்பின்மீது கவராயத்தின் ஒரு விரிவளவில் ஒரு புள்ளியிடுக. மூலையிலும் அப்புள்ளியிலும் கவராயத்தை ஊன்றி, அதே விரிவில் பலகையின் உட்புறமாக இரு விற்கள் வரைக. அவை ஓரிடத்தில் வெட்டும். முதலில் இட்ட புள்ளியிலிருந்து அவ்வெட்டிடம் வழியே கோடிழுத்து, அதற்கு அப்பாலும் அதே விரிவளவு நீட்டுக. நீட்டிய முனையை மூலையோடு இணைத்தால் அதுவே செங்குத்து. அரைவட்டத்துள் அமையும் கோணம் செங்கோணம் என்பதே இதன் காரணம்.

நம் இல்லங்களில் ரைஹால் எனப்படும் ஓதும் பலகை இருக்கிறதல்லவா? ஒரே பலகையில் கீல்பற்களை வெட்டி, பின்னர் இருபுறமும் பிளந்து விரிப்பது. அந்தக் கீலின் வரிசை பலகையின் நீள விளிம்புக்குச் செங்குத்தாய் அமையாவிட்டால், விரித்து வைத்ததும் ஒரு கால் தூக்கி நின்று ஆடும். முதலில் ஒரு முனையை மேற்கண்டவாறு மட்டமாக்கி, அதிலிருந்து இரு விளிம்பிலும் சமதூரம் அளந்து கோடிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

இந்நூலில் நம்மை மிகவும் கவர்ந்தது ஓர் அவைக் காட்சி. சமமான மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எவ்வாறு என்று தொழிலாளரும் கணித அறிஞரும் கூடி ஆராய்ந்த அவையில் அபுல் வஃபாவும் இருந்தார். அறிஞர் பெருஞ்சதுரத்தின் பக்கத்தை எளிதில் வரைந்து காட்டினர். துண்டுகளை வெட்டிப் பொருத்துவது பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. தொழிலாளர் வெட்டிப் பொருத்தினர். கண்ணுக்குச் சதுரமாய்த் தோன்றியது, கணக்குக்கு நிற்கவில்லை. அபுல் வஃபா இரு சாராரின் குறையையும் எடுத்துக்கூறிவிட்டுத் தம் வழியைக் காட்டினார். இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தில் அறுத்தால் நான்கு முக்கோணங்கள். ஒவ்வொன்றின் நீண்ட பக்கத்தையும் மூன்றாம் சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தில், மூலையோடு மூலை சேர, சுற்றுமுறையில் வைக்க வேண்டும். முக்கோணங்களின் செங்கோண முனைகளை இணைத்தால் பெருஞ்சதுரம் தோன்றும். வெளியே நீட்டிய சிறு துண்டுகளை அறுத்தால், அருகிலுள்ள இடைவெளிகளை அவை சரியாக நிரப்பும்.

10 அங்குலச் சதுரங்கள் மூன்று எடுத்தால் பெருஞ்சதுரத்தின் பக்கம் 17.32 அங்குலம் வரும். வாசகர்கள் முதலில் அட்டையில் வெட்டிப் பார்க்கலாம். வேப்பம் பலகையில் செய்வோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கணித அறிஞரின் கோட்டுக்கு அகலமில்லை, வாளின் பல்லுக்கு உண்டு. ஒவ்வோர் அறுப்பிலும் தூளாய் உதிரும் மரத்துக்கு இடம் விட்டே கோடிட வேண்டும்.