ஐந்தாம் வயதின் ஊசி: பள்ளிச் சேர்க்கையும் தடுப்பூசி அட்டையும்

முதல் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம். ஆதார் எண், சாதிச் சான்றிதழ், ஒளிப்படம் கேட்கிறோம். அதே பையில் கசங்கிக் கிடக்கும் தடுப்பூசி அட்டையைக் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லும் தேசியச் சட்டம் இந்தியாவில் இல்லை. அந்த அட்டையைச் சேர்க்கையின்போது கேட்க வேண்டும் என்பதும், அது இல்லையென்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் பெரும்பாலான ஊசிகள் இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகின்றன. 6, 10, 14ஆவது வாரங்களில் ஐந்தடுப்பு ஊசி. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா. 16 முதல் 24 மாதங்களுக்குள் அதன் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் முதல் ஊக்கத் தவணையும். பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட இடைவெளி. ஐந்து வயது முடிந்தபின் முத்தடுப்பின் இரண்டாம் ஊக்கத் தவணை வருகிறது. கைக்குழந்தையின் ஊசி நாளை நினைவூட்ட கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருவார். ஐந்து வயதுப் பிள்ளையோ அங்கன்வாடியை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்குள் இன்னும் முழுதாக நுழையவில்லை. இந்த ஊசியைத் தன் பொறுப்பாகக் கருதும் ஆள் அந்த வேளையில் இல்லை.

நம் கணக்கும் இந்தக் குறையை மறைக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 89 விழுக்காடு. பெருமைக்குரிய எண்தான். ஆனால் அது 12 முதல் 23 மாதக் குழந்தைகளைப் பற்றியது. ஐந்தாம் வயதின் ஊசி அதில் அடங்காது.

விடுபட்ட தவணையின் விலையை, முத்தடுப்பு ஊசி தடுக்கும் நோய்களுள் ஒன்றான தொண்டை அடைப்பான் காட்டுகிறது. ஊசி தந்த எதிர்ப்பாற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயும். அதை மறுபடி வலுப்படுத்தவே ஊக்கத் தவணை. 2016இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இந்நோய் பரவியபோது பதின்வயதுப் பிள்ளைகள் உயிரிழந்தனர். நாட்டில் இந்நோய் பள்ளி வயதினரை நோக்கி நகர்ந்திருப்பதையும், ஊக்கத் தவணைகள் குறைவாகவே போடப்படுவதையும் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் மனோஜ் முர்ஹேகர் 2017இல் சுட்டிக்காட்டினார்.

‘ஊசி இல்லையேல் பள்ளி இல்லை’ என்ற விதி அமெரிக்காவில் நெடுநாளாக உண்டு. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் அம்மை குத்திக்கொள்ளாத மாணவி பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார். ஊரில் நோயே பரவாதபோது கட்டாயம் எதற்கு என்று கேட்டுத் தொடுத்த வழக்கை 1922இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கலிஃபோர்னியா 2015இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, சொந்த நம்பிக்கையைக் காரணம் காட்டி விலக்குப் பெறும் வழியை மூடியது. 2014–15இல் 90.4 விழுக்காடாக இருந்த மழலையர் வகுப்புத் தடுப்பூசி அளவு 2016–17இல் 95.6ஆக உயர்ந்தது. இதைக் கட்டாயத்தின் வெற்றி என்று மட்டும் படிப்பது அரைகுறைப் படிப்பு. ஊசிகள் பாக்கியிருந்தும் நிபந்தனையோடு சேர்க்கப்பட்ட பிள்ளைகள் அங்கே கணிசமாக இருந்தனர். அவர்களைப் பள்ளிகள் விடாமல் பின்தொடர்ந்ததும் அந்த உயர்வுக்குக் காரணம். அவர்களுள் பலர் ஊசியை மறுத்தவர்கள் அல்லர், தவணையைத் தவறவிட்டவர்கள். நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கதவடைப்பை அல்ல, இந்தப் பின்தொடர்தலைத்தான்.

கதவடைப்பு இங்கே சட்டத்துக்கும் பொருந்தாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூடச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அட்டையைத் தொலைத்தவர் யார்? வேலை தேடி ஊர் ஊராகப் பெயர்ந்த செங்கல் சூளைக் குடும்பமாகவே பெரும்பாலும் இருக்கும். அந்தப் பிள்ளைக்குப் பள்ளியை மறுத்தால் ஊசியும் போகும், எழுத்தும் போகும், மதிய உணவும் போகும்.

அட்டையைக் கேட்பதால் பெற்றோர் மிரள்வார்களே என்பர். 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை–ரூபெல்லா முகாம் தொடங்கியதும் வாட்ஸ்அப் வதந்திகள் பரவின. பெற்றோர் பலர் அஞ்சினர், முகாமின் காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. அதுவரை பிள்ளையின் ஊசியைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத பள்ளி, திடீரென ஒருநாள் ஊசி போடும் இடமானதே அந்த அச்சத்தை வளர்த்தது என்று கருதுகிறேன். சேர்க்கை நாளிலேயே ஆசிரியர் அட்டையைப் பார்த்துப் பேசியிருந்தால், வதந்தி வந்த அன்று பெற்றோர் முதலில் அவரிடம் வந்து கேட்டிருப்பார்கள்.

இதற்குப் புதிய துறை எதுவும் வேண்டாம். 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து கண், காது, பல், இதயம் எனப் பார்க்கிறது. ஆசிரியர் சேர்க்கையின்போது அட்டையைப் பார்த்து விடுபட்டதைக் குறிக்கட்டும்; அந்தப் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகட்டும்; பெற்றோரின் ஒப்புதலோடு ஊசி போடப்படட்டும். அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை விண்ணப்பத்திலேயே கல்வித் துறை இதற்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும். ஏழு வயது கடந்த பிள்ளைக்கு நம் தேசியத் திட்டத்தில் முத்தடுப்பு ஊசி போடுவதில்லை.